கைரேகையும் கைபேசியும்: அந்தரங்கம் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

புதுப்பட்டினம் கடைத்தெருவில் கைபேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். திரை உடைந்த போனோடு வருகிற ஒவ்வொருவரிடமும் கடைக்காரத் தம்பி 'லாக் என்னங்க?' என்று கேட்பார். அவர்களும் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு அம்மா, 'எம் பொண்ணு பொறந்த வருசம்பா' என்று நாலு இலக்கத்தையும் உரக்கச் சொன்னார். அதே போனில்தான் அவருடைய வங்கிக் கணக்கு இருந்தது, மகளோடு பேசியது இருந்தது, மகளிர் குழுக் கடன் விவரம் இருந்தது. நான் சும்மா இருக்க மாட்டாமல், 'ஏம்மா, இதையெல்லாம் இப்படிச் சத்தமா சொல்லலாமா?' என்றேன். 'எங்கிட்ட மறைக்க என்ன சார் இருக்கு? தங்கமா வச்சிருக்கேன்?' என்று சிரித்தார். கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு உறுத்தியது. ஏனென்றால் அந்த அம்மா கேட்ட கேள்வியை வேறு மொழியில் நாங்களும் கேட்டிருக்கிறோம். தொண்ணூறுகளில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் 'அந்தரங்கம்' என்ற சொல் வந்தாலே அது பூர்ஷ்வா தனிமனிதனின் கவலை, சொந்த வீடும் தனி அறையும் உள்ளவனின் கவலை என்று ஒதுக்கிவிடுவோம். ஆதாரமும் கையில் இருந்தது. 1890இல் அமெரிக்காவில் வாரன், பிராண்டைஸ் என்ற இரு வழக்கறிஞர்கள் எழுதிய கட்டுரைதான் இந்த உரிமையின் மூலப்பிரதி எனப்படுகிறது. பத்திரிகைகள் மேட்டுக்குடியினரின் வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பதே அவர்களுடைய பிரச்சினை. ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் குடிசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டோம். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. அது தவறான கேள்வி என்பதை இந்தக் குறிப்புகளில் எனக்கே சொல்லிக்கொள்ள முயல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்தக் கடற்கரைக் குப்பங்களில் அந்தரங்கம் இல்லாமல் இல்லை. அது ஒரு இடமாக இருக்கவில்லை, ஒரு நேரமாக இருந்தது. கழிப்பறை இல்லாத ஊர்களில் பெண்கள் விடிவதற்கு முன்னால் எழுந்து சவுக்குத் தோப்புப் பக்கம் போனார்கள். இருட்டுதான் அவர்களுடைய சுவர். அந்தச் சுவர் தேவைப்பட்டதால்தான் அவர்கள் பகலெல்லாம் வயிற்றைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அந்தரங்கம் மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று அவர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா? அறை இல்லாதவர்களுக்கு அந்தரங்கம் தேவையில்லை என்று நாங்கள் முடிவு கட்டியதில் எங்கள் அறை எங்களுக்கே தெரியாமல் போனது.

2

கைபேசியைத் திறக்க இன்று விரலை வைக்கிறோம். தமிழ்நாட்டில் விரல்ரேகைக்கு ஒரு ரத்த வரலாறு உண்டு.

ரேகையை ஆட்சிக்குப் பயன்படுத்தும் வித்தை பெருமளவுக்கு இந்தியாவில்தான் உருவாயிற்று. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஒரு ஒப்பந்தக்காரரின் கைப்பதிவை வாங்கினார். சொன்ன சொல்லை இந்தியர் மறுத்துவிடுவார் என்ற அவநம்பிக்கை அதற்குள் இருந்தது. 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பணியகம் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு எட்வர்டு ஹென்றி என்ற ஆங்கிலேயரின் பெயர் நிலைத்தது. அதற்காக உழைத்த அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகியோர் வெகுகாலம் அடிக்குறிப்பில்தான் இருந்தார்கள்.

1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, குற்றம் செய்தவரை அல்ல, ஒரு சாதியில் பிறந்தவரையே பதிவு செய்தது. மதுரைப் பக்கத்து மக்கள் அதைக் 'கைரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். சட்டத்தின் நீண்ட பெயரைவிட இந்தப் பெயர் துல்லியமானது. அதிகாரம் உடம்பில் எங்கே தொட்டது என்பதைச் சொல்கிறது. இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும். வெளியூர் போக 'ராத்திரிச் சீட்டு' வேண்டும். உசிலம்பட்டிக்கு அருகில் உள்ள பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. இறந்தவர்கள் பதினாறு பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள். மாயக்காள் என்ற பெண்ணின் பெயரும் அந்த நினைவில் நிற்கிறது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது.

'மறைக்க என்ன இருக்கிறது?' என்று பெருங்காமநல்லூரில் யாரும் கேட்கவில்லை. அவர்கள் மறைக்க ஒன்றுமில்லாதவர்கள்தாம். பதிவேட்டில் ஒருமுறை ஏறிவிட்டால் நாளைக்கு நடக்கப்போகும் ஒவ்வொரு திருட்டுக்கும் அந்தப் பதிவேடுதான் முதலில் புரட்டப்படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தரவு என்பது சேகரிக்கிறவனின் கையில் எதிர்காலம் என்பதை எந்தக் கணிப்பொறிப் படிப்பும் இல்லாமல் அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. கைபேசியைத் திறக்க வைக்கும் ரேகை பொதுவாக அந்தக் கருவியிலேயே, பாதுகாக்கப்பட்ட ஒரு மூலையில் தங்கிவிடுகிறது, நிறுவனத்துக்குப் போவதில்லை. ரேஷன் கடையில் ஆதாருக்காக வைக்கும் ரேகை மையத்தில் உள்ள பதிவோடு ஒப்பிடப்படுகிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ரேகையின் குணம் மாறவில்லை. கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. தூங்குகிறவரின் விரலை எடுத்துப் போனில் வைக்கலாம், தூங்குகிறவரிடம் எண்ணைக் கேட்க முடியாது.

3

இனி உறை. 1879இல் இந்தியாவில் அஞ்சலட்டை கால் அணாவுக்கு வந்தது. எழுதியதைத் தபால்காரரும் படிக்கலாம், திண்ணையில் கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் படிக்கலாம். 1950இல் இன்லண்டு லெட்டர் வந்தது. மடித்து ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது உள்ளே. இணையத்தில் 'எச்டிடிபி' என்று தொடங்கும் முகவரி அஞ்சலட்டை, 'எச்டிடிபிஎஸ்' இன்லண்டு என்று நண்பர்களுக்குச் சொல்வதுண்டு. உவமை ஓரளவுக்குத்தான் செல்லும். இன்லண்டை ஒட்டினாலும் மேலே அனுப்புநரும் பெறுநரும் தெரிவது போல, எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது வழக்கமாக இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தெரியும். அங்கே என்ன படித்தோம் என்பதுதான் தெரியாது. இன்னொன்று, திருடனும் இன்லண்டில் எழுதலாம். பூட்டுக் குறி இருந்தாலே நல்ல தளம் என்று நம்பிப் பணத்தை இழந்தவர்கள் ஏராளம்.

உறையைப் பிரிக்கும் அதிகாரத்தை அரசு தொடக்கத்திலேயே எடுத்துவைத்துக்கொண்டது. 1885 தந்திச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, 1898 அஞ்சல் சட்டத்தின் 26ஆம் பிரிவு. 1996இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில்தான் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு உச்ச நீதிமன்றம் சில நடைமுறைத் தடுப்புகளை விதித்தது. அவற்றிலும் உத்தரவிடுகிறவர் உள்துறைச் செயலர், சரிபார்ப்பதும் அதிகாரிகள் குழு; நீதிபதிக்கு இடமில்லை. தந்தி 2013 ஜூலையில் செத்துப்போயிற்று. தந்திச் சட்டம் சாகவில்லை; 2023இன் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குள் அதன் உயிர் கூடுவிட்டுக் கூடு பாய்ந்தது. அதே 2023இல் வந்த புதிய அஞ்சல் சட்டத்திலும் உறையைப் பிரிக்கும் பிரிவு பத்திரமாக இருக்கிறது.

4

இந்த வரலாற்றில் எங்கள் ஜில்லாவுக்கும் ஒரு இடம் உண்டு. 'ஆட்டோ சங்கர் வழக்கு' என்று நாடறிந்த கொலை வழக்கில் 1991 மே மாதம் செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றம் சங்கருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு செங்கற்பட்டுச் சிறையில் அவர் சுமார் 300 பக்கங்களில் தன்வரலாறு எழுதினார். அதிகாரிகள் பலரோடு தனக்கிருந்த நெருக்கம் அதில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. 'நக்கீரன்' அதை வெளியிட அறிவித்ததும், 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைமை அதிகாரி வெளியிடக் கூடாது என்று கடிதம் எழுதினார். இதழ் உச்ச நீதிமன்றம் போயிற்று.

1994 அக்டோபர் 7ஆம் தேதி நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, 'தனியே விடப்படும் உரிமை' குடிமக்கள் எல்லோருக்கும் உண்டு என்றது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை. அதற்கு அப்பால் ஒருவரின் வாழ்க்கையை அவர் ஒப்புதலின்றி எழுதினால் அதன் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் அரசோ அதிகாரிகளோ தங்களுக்கு அவதூறு வரும் என்று அஞ்சி முன்கூட்டியே தடுக்க முடியாது. இந்தத் தீர்ப்பு 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்த புட்டசாமி வழக்குக்கு முக்கியமான படிக்கல்லாயிற்று. 1954, 1962 தீர்ப்புகளில் மறுக்கப்பட்டிருந்த ஒன்று, தூக்குமேடைக் கைதி ஒருவரின் கைப்பிரதி வழியாக நடந்து வந்தது. சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்த மனிதரைக் கொண்டாட ஒன்றுமில்லை. ஆனால் உரிமைகள் கண்ணியவான்களின் வழியாக மட்டுமே வருவதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

அந்தத் தீர்ப்பு வந்த ஆறாம் நாள், 1994 அக்டோபர் 13, அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் உலாவி முன்னோட்ட வடிவில் வெளியாயிற்று. அதற்குள் லூ மான்டுல்லி என்ற இளைஞர் செய்த ஒரு சின்ன ஏற்பாடு இருந்தது: 'குக்கி'. வலைத்தளத்துக்கு ஞாபகம் கிடையாது; ஒவ்வொரு முறையும் நம்மைப் புது ஆளாகத்தான் பார்க்கும். அதற்கு ஞாபகம் வர நம் கருவியிலேயே ஒரு சிறு குறியை வைத்துவிட்டுப் போகும். பழைய நாளில் துணி வெளுப்பவர் சேங்கொட்டையால் துணியின் ஓரத்தில் இடும் சலவைக்குறி மாதிரி. நமக்கு அது வெறும் புள்ளியும் கோடும். அவருக்கு எந்த வீடு என்று தெரியும். ஒரு துறையில் ஒருவர் குறி வைப்பது வேலைக்கு வசதி. ஆனால் ஊரிலுள்ள எல்லாத் துறைகளிலும் ஒரே மூன்றாம் ஆள் நின்று தன் குறியை வைக்கத் தொடங்கினால், நாம் எங்கெல்லாம் போகிறோம் என்ற கணக்கு அவனிடம் சேரும். விளம்பர நிறுவனங்கள் செய்தது இதைத்தான். ஒரே வாரத்தில், ஒரு மாவட்டச் சிறையிலிருந்து கிளம்பிய 'தனியே விடப்படும் உரிமை'யும், யாரையும் தனியே விடாத தொழில்நுட்பமும் உலகுக்கு வந்தன. இவை ஒன்றையொன்று அறிந்திருக்கவில்லை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட் 15இல்தான்.

ஃபூக்கோவைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் பெந்தாமின் கண்காணிப்புக் கோபுரம் என்று சொல்லும் பழக்கம் எங்களுக்கு இருந்தது. கைபேசி விஷயத்தில் அது சரிவராது என்றே நினைக்கிறேன். கோபுரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் கைதி அடங்குவான். இங்கே கோபுரம் தெரியக் கூடாது. தெரிந்தால் நாம் பேசுவதை நிறுத்திவிடுவோம். அடக்குவது இதன் நோக்கமல்ல, பேசவைப்பதுதான்.

5

புதுப்பட்டினத்தில் இருந்துகொண்டு ரகசியத்தைப் பற்றிப் பேசும்போது கல்பாக்கத்தின் சுற்றுச்சுவரைப் பேசாமல் இருக்க முடியாது. 1983இல் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியது. 1962 அணுசக்திச் சட்டத்தின் 18ஆம் பிரிவு தகவல் வெளியீட்டைக் கட்டுப்படுத்தியது. 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுபதப்படுத்தும் ஆலையில் ஆறு பணியாளர்கள் அளவு மீறிய கதிர்வீச்சுக்கு உள்ளானார்கள். அது வெளியே தெரியப் பல மாதங்கள் ஆயின. சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களின் பெயர், முகம், ரேகை, கடன், பயணம் எல்லாம் பதிவாகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தரங்கம் குடிமக்களுக்கு, வெளிப்படைத்தன்மை அரசுக்கு என்று இருக்க வேண்டிய கணக்கு இங்கே தலைகீழாக நிற்கிறது.

2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை நேராக்கும் என்று எதிர்பார்த்தோம். அந்தச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு அறிவிக்கை மூலம் விலக்களிக்க வழிவைத்தது. கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவைத் திருத்தியது: முன்பு, பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தர வேண்டும் என்றிருந்த வாசகம் அந்த இடத்திலிருந்து போயிற்று. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது இந்தத் திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கோ பதினெட்டு மாத அவகாசம். நமக்கென்று கேட்ட போர்வையை அதிகாரி முதலில் போர்த்திக்கொண்டார்.

6

'மறைக்க என்ன இருக்கு' என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் தெருப் பையன் ஒருவன், கடலுக்குப் போகிறவன், வலை வாங்கக் கைபேசிச் செயலி ஒன்றில் சில ஆயிரம் கடன் வாங்கினான். செயலி கேட்ட அனுமதிக்கெல்லாம் 'சரி' என்று அழுத்தினான். தவணை தவறிய மூன்றாம் நாள் அவனுடைய போனிலிருந்த அத்தனை எண்களுக்கும் அவன் படத்தோடு 'திருடன்' என்று செய்தி போயிற்று. தங்கையின் மாமியார் வீட்டுக்கும் போயிற்று. 'மாமா, நான் வாங்குன கடனுக்கு என்னைய அடிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. அவ வீட்ல என்ன பேசுனாங்கன்னு உங்களுக்குத் தெரியாது' என்று அழுதான்.

இது அவன் ஒருவனின் கதையல்ல. 2020 இறுதியில் தெலங்கானாவிலும் 2021 தொடக்கத்தில் சென்னையிலும் இத்தகைய கும்பல்கள் பிடிபட்டன, தற்கொலைகளும் நடந்திருந்தன. 2022 செப்டம்பரில்தான் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. 2023இல் கூகுளும் தன் செயலிக் கடையில் அதைத் தடை செய்தது. பதிவு செய்யாத செயலிகள் வேறு வழிகளில் இன்னும் வருகின்றன.

அந்தப் பையனிடம் மறைக்க ஒன்றுமில்லைதான். ஆனால் அவன் கொடுத்தது அவனுடையதை அல்ல, தங்கையினுடையதை. தொடர்புப் பட்டியல் என்பது ஒருவரின் சொத்தல்ல. அது உறவுகளின் பதிவேடு. இங்கேதான் வாரன்-பிராண்டைஸும் போதவில்லை, அவர்களை மறுத்த நாங்களும் போதவில்லை. அந்தரங்கத்தைத் தனிமனிதச் சொத்து என்று அவர்கள் நினைத்தார்கள். சொத்து என்பதால் நாங்கள் வேண்டாமென்றோம். அது சொத்தே இல்லை என்றும், ஒருவர் மற்றவருக்குக் காக்க வேண்டிய பொறுப்பு என்றும் யாரும் சொல்லவில்லை. ஏழு பேர் படுக்கும் குடிசையில், உடை மாற்றுகிறவளைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறார்களே, அந்தப் பொறுப்பு.

இன்று அந்தக் குடிசையிலிருக்கும் பெண்ணுக்குக் கைபேசிதான் முதல் தனி அறை. மொட்டைமாடியில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவள் தேடுவது மாதவிடாய் வலியாக இருக்கலாம், வேறு சாதிப் பையனின் குரலாக இருக்கலாம், ஒரு வேலை விளம்பரமாக இருக்கலாம். அந்த அறைக்குள் எட்டிப்பார்ப்பவர்கள் வரிசையில் அமெரிக்க நிறுவனம் கடைசியில் நிற்கிறது. அண்ணன் முதலில் நிற்கிறான். பாதுகாப்பு பற்றிய பேச்சுகள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றிப் போட்டுவிடுகின்றன.

7

என்ன செய்வது என்று கேட்பவர்களுக்குக் கோட்பாடு போதாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

போன் 'அப்டேட்' கேட்டால் தள்ளிப்போடாமல் செய்துவிட வேண்டும். பழைய ஓட்டைகளை அடைப்பது அதுதான். அனுமதிகளை ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 2015க்குப் பிந்தைய ஆண்ட்ராய்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியே மறுக்கலாம். விளக்கு எரியவைக்கும் செயலிக்கு எண்களின் பட்டியல் எதற்கு? உலாவியில் மூன்றாம் ஆள் குக்கியைத் தடுக்கலாம். பயர்பாக்ஸ் போன்றவற்றில் விளம்பரத் தடுப்பானும் சேர்க்கலாம். முகநூலுக்குள்ளேயே திறக்கும் இணைப்புகளை வெளியே, தனி உலாவியில் திறப்பது நல்லது.

'மறைநிலை' உலாவலை நம்பி ஏமாற வேண்டாம். அது அந்தப் போனில் தடயத்தை வைக்காது, அவ்வளவுதான். தளத்துக்கும் இணைப்பு நிறுவனத்துக்கும் மறையாது. கூகுள் மீது 2020இல் அமெரிக்காவில் இதற்காக வழக்கு நடந்து, 2024இல் சேகரித்த பதிவுகளை அழிக்க அது ஒப்புக்கொண்டது. ஆனால் அண்ணன் எடுத்துப் பார்க்கும் போனுக்கு அந்த மறைநிலையே பெரிய உதவி. யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கருவி. விபிஎன்னும் அப்படித்தான்: அது நம்பிக்கையை ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் மாற்றுவது. 2022 ஏப்ரலில் மைய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க ஆணையிட்டது. இலவசமாகக் கிடைப்பது எதை விற்று நடக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

நாலு இலக்க எண் பிறந்த வருசமாக இருக்கக் கூடாது. ஆறு இலக்கம் நல்லது. பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால் அது திருட்டு. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930க்குப் பேச வேண்டும். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை நிறுத்த வாய்ப்பு அதிகம்.

இவையெல்லாம் சேர்ந்தாலும் சட்டத்துக்கு ஈடாகாது. ராத்திரிச் சீட்டைத் தனியொருவன் கிழித்துப்போட்டு அந்தச் சட்டம் போகவில்லை. ஆனால் சட்டம் வரும்வரை போனை யாரிடமும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை.

சில வாரம் கழித்து அதே கடைக்குப் போனேன். தம்பியிடம் இதையெல்லாம் மெல்லச் சொல்லியிருந்தேன். சில புதுப் போன்களில் பழுதுபார்ப்புக்கென்றே தனி நிலை இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் படமும் செய்தியும் தெரியாது என்று அவரே கண்டுபிடித்து எனக்குக் காட்டினார். அப்போது ஒரு பெரியவர் வந்து போனை நீட்டி எண்ணைச் சொல்ல வாயெடுத்தார். தம்பி போனை அவர் பக்கமே திருப்பி, 'நீங்களே போட்டுக் குடுங்கய்யா, நான் பாக்கல' என்று முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.